அம்மிச்சியிடமிருந்து தொடங்குங்கள்

குலப்பெயரின் வேர் தேடும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

கொஞ்ச காலமாக உங்களில் பலர் ஒரே கேள்வியோடு அலைவதைப் பார்க்கிறேன். நம் கூட்டத்துப் பேருக்கு என்ன அர்த்தம், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதுதான் அந்தக் கேள்வி. காங்கேயம், பல்லடம், அவிநாசி, தாராபுரம் பக்கம் பண்ணையம் பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். உங்கள் அப்பாமார் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, நாலு மிஷின் போட்டு, அப்புறம் கம்பெனி வைத்தவர்கள். ஷிப்மெண்டுக்கும் பேங்குக்கும் ஓடிக்கொண்டே இருந்தவர்களுக்கு இதையெல்லாம் கேட்க நேரம் ஏது? உங்களுக்குப் படிப்பு இருக்கிறது, கொஞ்சம் நேரமும் இருக்கிறது. கேட்கிறீர்கள். அது எனக்கு மனசார மகிழ்ச்சி.

உங்களுக்குக் கிடைக்கும் பதில்கள்தான் கவலை தருகின்றன. "நம் கூட்டம் சேர மன்னனின் நேர் வாரிசு" என்று வாட்ஸப்பில் ஒருவர் எழுதுகிறார். "நொய்யல் கரைக்கு வியாபாரத்துக்கு வந்த யவனர் ரத்தம் நமக்குள் ஓடுகிறது" என்கிறார் இன்னொருவர். சிலர் எச்சிலைக் குப்பியில் அடைத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிவிட்டு, வரப்போகும் சதவீதக் கணக்குக்காகக் காத்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேரைத் தேடுங்கள். ஆனால் ராஜாவில் தொடங்கிக் கீழே இறங்கி வராதீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மிச்சியில், அம்மாவைப் பெற்ற பாட்டியில், தொடங்கி மேலே போங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதில்லை. நீங்கள் அன்றாடம் மெயிலில் பேசும் பையர்களின் ஊர்களில், இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் சுவீடனிலும், "எங்கள் குடும்பப் பெயர் வைக்கிங்குகளிடமிருந்து வந்ததா?" என்று தேடுகிறவர்கள் ஏராளம். வைக்கிங்குகளை உங்களுக்குத் தெரியும். 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததிலிருந்து 1066 வரை வட ஐரோப்பியக் கடல்களை ஆட்டிப்படைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்காது?

அந்தத் தேடலில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. வைக்கிங்குகளுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருவன் பெயர் ஹரால்டு, அவன் அப்பன் பெயர் எரிக் என்றால், அவன் ஹரால்டு எரிக்சன், அதாவது எரிக்கின் மகன். அவன் மகனுக்கு எரிக்சன் என்று பெயர் வராது, ஹரால்ட்சன் என்றுதான் வரும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகும். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலோர்க்கு இதுதான் வழக்கம். நம்முடைய இன்ஷியலும் இதே முறைதானே? உங்கள் பெயருக்கு முன்னால் உங்கள் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கிறது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் பெயரின் முதலெழுத்து. இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் நிலைத்ததே 1066-க்குப் பிறகு, பல நூறாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். டென்மார்க்கில் குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் வேண்டும் என்று அரசாணை போட்டது 1828-ல். அந்தக் காலத்தில் யார் யாருக்கு அப்பா பெயர் ஹான்ஸ் என்று இருந்ததோ, அவர்கள் எல்லாருக்கும் ஹான்சன் என்ற பெயர் அப்படியே நின்றுபோனது. அதனால் இன்று டென்மார்க்கில் இருக்கும் ஹான்சன்கள் எல்லாரும் ஒரே ஹான்சின் வம்சம் இல்லை. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத எத்தனையோ ஹான்ஸ்கள்!

இதே உறைதல் நம் கண்ணெதிரில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் அதில் அப்பா பெயரை எழுதுகிறாள். அவள் வெளிநாட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்தும்போது, திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒரு மனிதரின் பெயர், அவர் கொள்ளுப்பேரன் காலம்வரை குடும்பப் பெயராக ஓடப்போகிறது. இருநூறு வருசம் கழித்து அந்தப் பெயருக்கு வேர் தேடுகிற பிள்ளை, அது ஏதோ ஒரு மாபெரும் குலத்தின் பெயர் என்று நினைத்தால் என்ன சொல்வது? பெயர் எப்போது, எதற்காக, யார் கேட்டதால் நிலைத்தது என்று தெரியாமல் அதன் பின்னால் போகக் கூடாது என்பது இதிலிருந்து தெரியும் முதல் பாடம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்ஷியலுக்கு அடியில் நம்மூரில் இன்னொரு பெயர் மறைந்திருக்கிறது. கொங்கு வேளாளர்களுக்கு அது கூட்டம். ஆந்தை, கண்ணன், சாத்தந்தை, பொருளந்தை, ஓதாளன், பயிரன், தூரன், காடை என்று நீளமான வரிசை. வேட்டுவர் முதலான மற்றச் சமூகங்களிலும் கூட்டங்கள் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு இண்டிபேரு உண்டு. கன்னடம் பேசித் தறி நெய்த தேவாங்கர் குடும்பங்களுக்கு வங்குசப் பெயர்கள் உண்டு. இவை ஆதாரிலோ பான் கார்டிலோ வருவதில்லை. கல்யாணம் பேசும்போதும் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கும்போதும்தான் வெளியே வரும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். கூட்டப் பெயரையே எழுத்தில் தாங்கி நின்றவரும் உண்டு. தமிழில் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த பெரியசாமித் தூரனின் பெயரில் இருக்கும் தூரன், அவருடைய கூட்டப் பெயர்.

இவற்றில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆந்தை கூட்டம். ஆந்தை என்றால் பறவை, அதுதான் நம் குலச் சின்னம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் ஒரு புணர்ச்சி விதி இருக்கிறது. ஆதன் என்ற பெயரோடு தந்தை சேர்ந்தால் ஆந்தை ஆகும், பூதனோடு சேர்ந்தால் பூந்தை ஆகும். சாத்தனோடு தந்தை சேர்ந்தால் சாத்தந்தை. அந்தை என்று முடியும் நம் கூட்டப் பெயர்களில் சில இந்த விதிக்குள் அழகாக உட்காருகின்றன. அப்படிப் பார்த்தால் ஆந்தை என்பது ஆதனுக்குத் தந்தை. வைக்கிங் மகனை அப்பன் பெயரால் அழைத்தான். நம்மூரில் ஒரு காலத்தில் அப்பனைப் பிள்ளை பெயரால் அழைத்திருக்கிறார்கள்.

அடுத்து நொய்யல் கரைக்கு வாருங்கள். சென்னிமலைப் பக்கத்தில் இருக்கிற கொடுமணல், சங்க இலக்கியத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1980-களின் நடுவில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. கல்மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய இடங்கள், பெரிய கற்கள் சூழ்ந்த ஈமக்குழிகள், எழுத்துப் பொறித்த ஏராளமான பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பச்சைக்கல் இங்கே மணியாகிப் போயிருக்கிறது. பானை ஓடு என்றால் பெரிய பானையை நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் உடைந்த சில்லு. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் சிவப்பு. வழவழப்பான தோள் பகுதியில் கூரான எதையோ வைத்துக் கீறிய தமிழி எழுத்துகள். கோடு சில இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும், சில இடத்தில் வழுக்கிப் போயிருக்கும். பெரும்பாலும் அந்தப் பானைக்குச் சொந்தக்காரரின் பெயர்தான். இந்தப் பானை என்னுடையது என்று ஒருவர் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து.

அந்தப் பெயர்களில் ஒன்று கண்ணன் ஆதன். கண்ணன் கூட்டத்துப் பிள்ளைக்கும் ஆந்தை கூட்டத்துப் பிள்ளைக்கும் இதைக் கேட்டதும் நெஞ்சு துள்ளும். எங்கள் முப்பாட்டன் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் அந்த ஓடு மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அடுத்த படியில் காலை வைக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

ஆதனும் கண்ணனும் அன்று ஊருக்கு ஊர் இருந்த பெயர்கள். சேர மன்னர்களின் பெயரிலும் ஆதன் இருக்கிறது, பானை வைத்திருந்த சாதாரண மனிதர் பெயரிலும் இருக்கிறது. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாருக்கும் ஆந்தை என்றுதான் பெயர், அவர் ஊர் பிசிரோ பாண்டிய நாட்டில் இருந்தது. இதைவிடப் பெரிய சிக்கல் காலம். கொடுமணல் ஓடுகள் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கூட்டப் பெயர்கள் கூட்டப் பெயர்களாகவே கோயில் கல்வெட்டுகளில் தெளிவாகத் தெரிவது கொங்குச் சோழர் காலத்தில், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில். இடையில் ஆயிரம் வருசம். முப்பது, நாற்பது தலைமுறை. அந்த இடைவெளியைத் தாண்ட நம்மிடம் பாலம் இல்லை. இல்லாத பாலத்தை ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டினால், அது வரலாறு ஆகாது.

யவனர் கதையும் இப்படித்தான். கொங்கில் ரோமானிய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, உண்மை. காசு வந்ததால் அந்தக் காசைக் கொடுத்தவன் இங்கே குடும்பம் நடத்தினான் என்று ஆகிவிடாது. சுவீடனில் ஹெல்கோ என்ற தீவில் 1950-களில் தோண்டியபோது, நம் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்த்த ஒரு சிறு வெண்கலப் புத்தர் சிலை கிடைத்தது. அதை வைத்து வைக்கிங்குகள் புத்த மதத்தவர் என்று யாரும் சொல்வதில்லை. பொருள் கை மாறிக் கை மாறி வெகுதூரம் போகும். நீங்கள் தைத்து அனுப்பும் டி-ஷர்ட் போகாத நாடு உண்டா?

கொடுமணல் ஓடுகள் சொல்லும் உண்மையான செய்தி இதைவிட மேலானது. அங்கே ஆதனும் கண்ணனும் மட்டும் இல்லை. சுமணன் இருக்கிறான், விசாகி இருக்கிறாள். அவை பிராகிருதத் தொடர்புள்ள பெயர்கள், வடக்கே புழங்கிய பெயர்கள். வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் ஓட்டில் கிடைத்திருக்கிறது. கைவேலையும் வியாபாரமும் நடக்கிற ஊருக்கு நாலாபக்கமிருந்தும் ஆள் வரும். வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே எழுத்தில் தங்கள் பெயரைப் பானையில் கீறி வைத்தார்கள். நொய்யல் கரை இரண்டாயிரம் வருசமாக அப்படிப்பட்ட கரைதான்.

திருப்பூரைப் பாருங்கள். இங்கே பனியன் தொழிலை 1925-ல் தொடங்கியவர் குலாம் காதர் என்றுதான் ஊர் வரலாறு சொல்கிறது. இந்த ஊரின் பெயரை உலகறியத் தன் பெயருக்கு முன்னால் சூடியவர் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி. 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி தடியடி பட்டு இறந்தார். அவர் என்ன கூட்டம், என்ன கோத்திரம் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பூர் குமரன் என்பதே அவருக்குக் குலப்பெயர். காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிரன் கூட்டம், பட்டம் கட்டிய பரம்பரை. 1805-ல் சங்ககிரியில் தூக்கில் ஏறிய அவரை மக்கள் எந்தப் பெயரில் நினைக்கிறார்கள்? அவர் தானாகச் சம்பாதித்த தீரன் சின்னமலை என்ற பெயரில்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உங்களுக்கு அப்பா அம்மா இருவர். அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்மிச்சி என்று அதற்கு மேலே நால்வர். பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். இருபது தலைமுறைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்திருப்பதால் ஒரே ஆள் பல இடத்தில் வருவார், உண்மையான எண்ணிக்கை குறையும். அப்படியே குறைந்தாலும் அது பெருங்கூட்டம். அவ்வளவு பேரில் கூட்டப் பெயர் யாரைக் காட்டுகிறது? அப்பா, அவர் அப்பா, அவருடைய அப்பா என்று போகும் ஒரே ஒரு கோட்டை. ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தில் இருக்கிற லேபிளைப் பார்த்து அதைச் செய்தது யார் என்று சொல்ல முடியுமா? பருத்தி எடுத்தவர், நூல் நூற்றவர், நிட்டிங் ஓட்டியவர், சாயம் ஏற்றியவர், கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், பிசிறு வெட்டிய பெண், செக்கிங்கில் நின்ற பெண் என்று அத்தனை கைகளையும் லேபிள் சொல்லாது. கூட்டப் பெயரும் நமக்கு ஒரு லேபிள்தான். லேபிளை மதிப்போம். அதை மட்டும் வைத்துத் துணி முழுவதையும் அளக்க வேண்டாம்.

டிஎன்ஏ சோதனை இதைத் தீர்த்துவைக்கும் என்று நினைக்கிறீர்கள். ஆண் வழியில் போகும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனையும் அதே ஒற்றைக் கோட்டைத்தான் பார்க்கிறது. முழு டிஎன்ஏ-வைப் பார்க்கும் சோதனை, இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் யாரோடு ஒத்துப்போகிறது என்று சொல்லுமே தவிர, கூட்டத்தையும் கோயிலையும் சொல்லாது. 2020-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வைக்கிங் காலத்தையும் அதை ஒட்டிய காலங்களையும் சேர்ந்த 442 எலும்புகளின் மரபணுவைப் படித்தார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில் வைக்கிங் வாளோடு, வைக்கிங் முறைப்படி புதைக்கப்பட்டிருந்த இருவர், மரபணுவில் ஸ்காண்டிநேவியர்களே இல்லை. உள்ளூர்க்காரர்கள். வாளையும் வாழ்க்கையையும் ஏற்றுக்கொண்டு வைக்கிங் ஆனவர்கள். வைக்கிங்காக வாழ்ந்து செத்தவனே ரத்தத்தால் வைக்கிங் இல்லை என்றால், அவன் வாரிசு என்று இன்றைக்கு ஒருவர் சொல்வதற்கு என்ன பொருள்? நம் கூட்டங்களிலும் தத்து வந்தவர்கள், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர்கள், பஞ்சத்தில் வந்து அண்டிச் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் நம் முன்னோர்தான்.

ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். கூட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்வது வேறு, சாதியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது வேறு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தை நடத்தியவர் நம் பக்கத்து ஊரான ஈரோட்டுக்காரர். தமிழ்நாட்டில் நாம் இன்ஷியலோடு நிற்பதில் அந்த வரலாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையில் தலை நிமிர்ந்து உட்கார அது வழி செய்தது. உங்கள் தேடல் அந்த நிமிர்வைக் குலைக்கக் கூடாது. காரின் பின் கண்ணாடியில் கூட்டப் பெயரை ஒட்டுவதற்கும், காதலித்த பிள்ளைகளை மிரட்டுவதற்கும் குலவரலாறு துணை போகும் என்றால், அந்த வரலாறு நமக்கு வேண்டாம். அப்படிப் பயன்படுத்துகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை.

சரி, எப்படித் தேடுவது?

இந்த வாரமே அம்மிச்சியின் பக்கத்தில் உட்காருங்கள். அப்புச்சியிடம் போகாதே என்று சொல்லவில்லை. அப்புச்சியின் கோட்டை ஊரே சொல்லிவிடும், குலதெய்வக் கோயிலில் வரி கட்டும் தலைக்கட்டு நோட்டில் அவர் பெயர் இருக்கும். அம்மிச்சி பிறந்த கூட்டம் எது, அவர் அம்மா எந்த ஊரிலிருந்து கட்டிவந்தவர், அந்த அம்மாவின் அம்மா பெயர் என்ன என்பது எந்த நோட்டிலும் இல்லை. அவர் நினைவில்தான் இருக்கிறது. செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் கூட்டம் என்ன என்று கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தீர்கள், சீதனமாக என்ன வந்தது, எந்தப் பஞ்சத்தில் எந்தக் காட்டை விற்றார்கள், யார் முதலில் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் அந்தப் பேச்சோடு தானாக வரும்.

அடுத்து டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பழைய பட்டா, பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாம் சான்றுகள். பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்றே மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்லிவிடும். ஆனால் பழைய பத்திரங்களில் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள், அக்கா தங்கைகளைப் பெரும்பாலும் காண மாட்டீர்கள். 1989-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திப் பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்த பிறகுதான், அவர்கள் பெயர் பத்திரத்துக்குள் வரத் தொடங்கியது. அதுவும் பல நேரம் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் விடுதலைப் பத்திரத்தில். அந்தக் கையெழுத்துகளையும் உங்கள் குடும்ப வரலாற்றில் மறக்காமல் எழுதுங்கள்.

அதற்கும் மேலே கோயில் கல்வெட்டு. கொங்கு நாட்டின் 24 நாடுகளில் உங்கள் காணி ஊர் எந்த நாட்டில் வருகிறது என்று பாருங்கள். திருப்பூர் ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீசுவரர் கோயில் இருக்கிறது. அவிநாசிக் கோயில் இருக்கிறது. இப்படிப் பழைய கோயில்கள் நம்மைச் சுற்றி நிறைய. கல்வெட்டு அறிந்த ஒருவர் மைப்படி எடுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லைத் தூரிகையால் துடைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நனைந்த தாளை ஒட்டி, அது எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி தூரிகையால் தட்டிக்கொண்டே போவார்கள். பிறகு மைப்பொதியால் ஒற்ற ஒற்ற, கருத்த தாளில் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். வெள்ளாளன் ஆந்தைகளில் இன்னான், சாத்தந்தைகளில் இன்னான் என்ற அமைப்பில் கொங்குக் கல்வெட்டுகளில் பெயர்கள் வரும். அவை சொல்வது பெரிய போர் வெற்றியாக இருக்காது. கோயிலுக்குக் கொடுத்த ஒரு விளக்கு, கொஞ்சம் பொன், ஒரு தூண். ஆனால் நாடும் ஊரும் மன்னனின் ஆட்சியாண்டும் அதில் இருக்கும். வாட்ஸப் சொல்லும் ராஜாவைவிட, விளக்குக் கொடுத்த அந்த மனிதர் உங்களுக்கு நெருக்கமானவர்.

இந்த வேலையில் நமக்கு முன்னோடிகள் உண்டு. புலவர் செ. இராசு கொங்கின் ஊர் ஊராகப் போய் ஓலைகளையும் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் படியெடுத்து நூல்களாக்கினார். பிரெண்டா பெக் என்ற அறிஞர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, குடும்பங்களையும் கூட்டங்களையும் பதிவு செய்தார், அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் ஏற்றினார். அவர் புத்தகம் 1972-ல் வந்தது. எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதை, நாம் கேட்க வேண்டாமா? தாமதிக்கவும் நேரம் இல்லை. கும்பாபிஷேகத் திருப்பணியில் பழைய சுவர் மேல் டைல்ஸ் ஏறுகிறது. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு மழுங்கிய கோயில்கள் உண்டு. ஊர் வீட்டை விற்கும்போது பெட்டியோடு பத்திரங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

கடைசியாக ஒன்று. இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கம்பெனி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை ஒருநாள் உட்கார்ந்து படியுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த பெஹெரா, நாயக், சாஹு. பீகாரிலிருந்து வந்த குமார்கள், தேவிகள். பெஹெராவும் நாயக்கும் ஒரு காலத்தில் பதவியைக் குறித்த பட்டங்கள். பீகாரில் 1970-களில் ஜெயபிரகாஷ் நாராயண் இயக்கத்தின்போது எத்தனையோ பேர் சாதிப் பெயரை உதறினார்கள். செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அங்கே ஒரு தம்பி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டரில் இருக்கும் இவர்கள் பெயர்களை நாம் எப்படி எழுதுகிறோம்? காதில் விழுந்தபடி எழுதுகிறோம். ஒரே ஆளுக்கு வருகைப் பதிவில் ஓர் எழுத்து, பி.எஃப். கணக்கில் ஓர் எழுத்து, இ.எஸ்.ஐ. கார்டில் இன்னோர் எழுத்து. அதனால் பணம் கைக்கு வராமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மூர்ப் பெண்களுக்கும் இதே நிலைதான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இன்ஷியல், பின்னால் புருசன் இன்ஷியல், இரண்டும் பொருந்தாமல் நிற்கிற கணக்குகள் எத்தனை! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிக்கிறார்கள். நூறு வருசம் கழித்து அவர்கள் வழிவந்த ஒரு பெண் "நாங்கள் எப்படி நொய்யல் கரைக்கு வந்தோம்?" என்று தேடுவாள். அவளுக்குக் கல்வெட்டு இருக்காது, காணிக் கோயில் இருக்காது. நீங்கள் எழுதி வைக்கும் ரிஜிஸ்டர்தான் இருக்கும்.

அதனால் உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். அம்மிச்சி, ஆத்தா இருவர் வாய்மொழியையும் இந்த வருசம் நோம்பிக்குள் பதிவு செய்து, எழுத்தாக்கி, வீட்டில் எல்லாருக்கும் ஒரு படி கொடுங்கள். பெண் வழியையும் ஆண் வழியையும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் வரையுங்கள். சான்று உள்ளதை மைக்கோட்டாலும், கேட்டதை மட்டும் வைத்து எழுதியதைப் பென்சில் கோட்டாலும் போடுங்கள், அடுத்து வருகிறவர் திருத்த இடம் இருக்கட்டும். கம்பெனியில் வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரையும், அப்பா பெயர், அம்மா பெயர், சொந்த ஊர் சேர்த்து, அவர் வாயால் கேட்டு, அவர் சரி என்று சொல்லும் எழுத்தில் எழுதி, எல்லாக் கணக்கிலும் ஒன்றுபோல ஏற்றுங்கள். அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள்.

இதற்குக் கூட்டத் தலைவர் அனுமதியும் வேண்டாம், வெளிநாட்டுச் சோதனைக் கூடமும் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். நீங்கள் செய்வீர்கள் என்ற முழு நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
நொய்யல் கரையில் கல்வெட்டுப் படிக்கும் உங்கள் அண்ணன்